கழுத்துத் தையல்

இன்று நான்தான் தாய்.
மேசையில் மல்லாந்து, தொடைகளுக்கிடையில்
துணியில் தைத்த இடுப்பெலும்பை இடுக்கிக்கொண்டு
வலி வரும்போது கத்த வேண்டும். அவ்வளவுதான் வேடம்.

மொகோட்லாங் மருத்துவமனையின் பின்னறை.
பாரஃபின் அடுப்பு ஒன்று, மருத்துவச்சிகள் பதினொரு பேர்.
சன்னலுக்கு வெளியே ஜூலை மாதத்துப் பனி.
உள்ளே என் பனிக்குடம் உடைந்துவிட்டதாக
அறிவிக்கிறான் பயிற்சி கொடுக்க வந்த மொயெகெட்சி,
ஒரு குவளைத் தண்ணீரை என் காலில் ஊற்றி.
சில்லென்ற தண்ணீர், பாவி.

பொம்மைக்குப் போர்வைக் கம்பளியில் உடம்பு,
மணல் அடைத்த காலுறையில் தலை.
கழுத்தை மட்டும் வேண்டுமென்றே
இற்ற நூலால் தைத்திருக்கிறான்.
எங்களிடம் சொல்லவில்லை.

பிட்டம் முதலில் வருகிறது.
"கையைக் கட்டிக்கொள்ளுங்கள்" என்கிறான்.
கைகட்டி நிற்பதா?
வந்த புகார்க் கடிதங்களில் எல்லாம்
அதுதானே எங்கள் குற்றம்:
சிஸ்டர் சும்மா நின்றார்.

"சும்மா இல்லை. முதுகு எந்தப் பக்கம் திரும்புகிறது,
பாருங்கள். அவள் முக்கட்டும்.
தொப்புள் தெரிந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள்."

கெனெவேயின் முறை.
தொப்புள் வந்தது. அதற்குமேல் நகரவில்லை.
ஒரு கை பிடரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாக
மொயெகெட்சி உள்ளே பிடித்துக்கொள்கிறான்.
நான் கத்துகிறேன், கொஞ்சம் அதிகமாகவே.
அவள் இழுத்தாள்.

பட்.

உடம்பு அவள் கையில்.
தலை என்னிடம்.

எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான், மல்லாந்தபடி வயிறு குலுங்க.
பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால்
மலைப்பாதை மூடிய ஓர் இரவுக்கு
எங்கள் பதிவேட்டில் ஒரே ஒரு வரி.
எழுதியவள் நான்.
கை சிக்கியது என்று எழுதினேன்.
இழுத்தது யார் என்று எழுதவில்லை.

போர்வை இல்லாமல் வெளியே போனாள்.
யாரும் பின்னால் போகவில்லை.
மொயெகெட்சி அடுப்புத் திரியைக் குறைத்தான், கூட்டினான்,
மறுபடி குறைத்தான்.

தலைமுடியில் பனியோடு திரும்பி வந்து
ஊசி கேட்டாள்.
நல்ல நூலை எடுத்து நீட்டினான்.
"அது வேண்டாம். அதே நூல்."

இப்போது பிடி எலும்பின் மேல்; வயிற்றின் மேல் இல்லை.
காய்ந்த துணி சுற்றி, இழுக்காமல்,
வாசலில் சிக்கிய அலமாரியைத் திருப்புகிறவர்கள் மாதிரி
அரைவட்டம்.
என் கால்களுக்கு நடுவே
அவள் வகிடு மட்டும்தான் எனக்குத் தெரிகிறது.
வேடத்தில் இல்லாத வசனம் என் வாயிலிருந்து வருகிறது:
"கெனெவே, என்ன நடக்கிறது? எனக்கும் சொல்."

நிமிர்ந்தாள்.
"குழந்தையின் கை சிக்கியிருக்கிறது.
திருப்பி எடுக்கப்போகிறேன். உனக்கு வலிக்கும்.
நான் இங்கேதான் இருக்கிறேன்."
சொல்லும்போது குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை.

முழங்கை இறங்கியது,
தூங்கி எழுந்த பிள்ளை முகத்தைத் துடைப்பதுபோல்
முகத்தின் குறுக்கே வழிந்து.
மறுபக்கம் திருப்பி மற்றொன்று.
பிடரியில் பேனாவால் கிறுக்கிய மயிர்க்கோடு
தெரியும்வரை தொங்கவிட்டாள்.
கன்ன எலும்பில் இரண்டு விரல் வைத்து,
மோவாயை மார்போடு சேர்த்து,
மேல்நோக்கி ஒரு வளைவு.

கழுத்து நின்றது.
இரண்டு தையல் விட்டிருந்தது.

"இரண்டு நிமிடம் நாற்பது" என்றான் மொயெகெட்சி.
யாரும் கைதட்டவில்லை.
த்லாலானே தன் முறைக்காகக் கையுறை மாட்டிக்கொண்டு
முன்னால் வந்தாள்.

"இரு" என்றாள் கெனெவே, விட்ட தையலைப் போட்டபடி.
"இன்னொரு தடவை."

பிள்ளையை வாங்கி
மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டேன்.