முப்பத்தொரு பவுண்டு

புயலில் விழுந்த எல்ம் மரம் நீ.
வில்யாந்திப் பேருந்து நிறுத்தத்தின் கூரையைப்
பிளந்துகொண்டு கிடந்தாய்.
நகராட்சி ஆட்கள் விறகாக அறுப்பதற்குள்
இரண்டு கறுப்பு ரொட்டி கொடுத்து
ஒரு துண்டு வாங்கினேன்.

ஓராண்டு கொட்டகையில் காய்ந்தாய்.
பிப்ரவரியில் சீவத் தொடங்கினேன்.
இடப்பக்கம் விறைப்பு என்று இடத்தைச் சுரண்டினேன்.
இப்போது வலம் விறைப்பு என்று வலத்தை.
மறுபடி இடம்.
பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்குபோல
சரிபார்த்துச் சரிபார்த்தே தின்றுவிட்டேன் உன்னை.
சுருள் சுருளாய்த் தரையில் கிடந்தது பலம்.

லக்கேஜ் தராசில் மாட்டி
இருபத்தெட்டு அங்குலம் இழுத்தபோது
முப்பத்தொன்று.
நாற்பது வேண்டியிருந்தது.

உர்வெ ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்,
ஒரு கொட்டாவிக்கு நடுவில்.
"புறா விரட்டலாம்," என்றாள்.
"வேறொன்று செய்."

உன் அடிமரத்தில் ஐம்பது வளையம் எண்ணியிருக்கிறேன்.
ஐம்பதில் வளையாது என்பது சொலவடை.
நீயோ சொன்னதற்கெல்லாம் வளைகிறாய்.
என் புகாரே அதுதான்.

சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.
முதுகில் மூங்கில் பட்டை ஒட்டு என்பார்கள்,
மான் நரம்பு ஒட்டு என்பார்கள்.
இன்னொன்றின் தயவில் உன்னை நிறுத்த
மனம் ஒப்பவில்லை.
மிச்சம் இருந்த வழி, மேலும் வெட்டுவது.
குட்டையானால் முரடாகும்.
வெட்டினால் கூடும், வெட்டினால் கூடும் என்று
எனக்கே சொல்லிக்கொண்டுதான்
ரம்பத்தை எடுத்தேன்.

இரு முனையிலும் இரண்டிரண்டு அங்குலம்.
பழைய குதைகள் விரல்நுனிபோல உருண்டன.
பூனை ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது.
புதிய குதை அரவினேன், நாணைக் குறுக்கினேன்.
முப்பத்தைந்து.

பிறகு சூடு.
பத்தொன்பது வருடம் பேக்கரியில் இரவுப் பணி எனக்கு.
ரொட்டி எப்போது பொன், எப்போது பழுப்பு, எப்போது பாழ்
என்று கடிகாரம் பார்க்காமல் தெரியும்.
உன்னைப் பலகையில் இறுக்கி
ஹீட் கன்னை வயிற்றுக்கு நான்கு விரல் மேலே பிடித்தேன்.
கை மாற்றி, கை மாற்றி, நான்கு மணி நேரம்.
முதுகில் சூடு ஏறுகிறதா என்று
புறங்கையால் தொட்டுப் பார்த்தபடி.
வயிறு மட்டும் வேக வேண்டும்,
நசுங்குவது அதுதான்.
முதுகுக்கு நீளும் வேலை,
அது பச்சையாகவே இருக்கட்டும்.
சர்க்கரை கருக ஒரு நிமிடம் இருக்கும்போது
வரும் வாசனை வந்தது.
நிறுத்தினேன்.

நான்கு நாள் தொடவில்லை.
வெந்த மரம் காற்றின் ஈரத்தைத் திரும்பக் குடிக்க வேண்டும்,
அவசரப்பட்டு நாணேற்றினால் ஒடியும்.
நான்கு நாளும் மழை. எனக்குச் சௌகரியம்.

ஐந்தாம் நாள் கப்பியில் கயிறு கோத்து
நீ ஒடிந்தாலும் முகத்தில் படாத தூரத்தில் நின்று இழுத்தேன்.
இருபது. இருபத்துநான்கு.
இருபத்தாறில்
டக்.

ஒரே ஒரு டக்.
பலகையின் மூட்டா, நாணின் முடிச்சா, நீயா?
டார்ச் அடித்தேன்.
உன் முதுகு நெடுகப் பஞ்சைத் தடவினேன்,
எங்காவது சிலாம்பு பிடிக்கிறதா என்று.
பிடிக்கவில்லை.
தராசில் முப்பத்தேழு.
இன்னும் இரண்டே அங்குலத்தில் நாற்பது.
கயிறு கையில்தான் இருந்தது.

உர்வெயைக் கூப்பிட்டேன்.
ஓர் அம்பின் அடியை என் நெஞ்சில் ஊன்றிக்
கைகளை நீட்டி, அளக்கச் சொன்னேன்.
"இருபத்தாறு," என்றாள்.
"அதிலும் கால் குறைவு."

அப்படியானால் இருபத்தெட்டு யார் கை?
எங்கோ அச்சடித்த அட்டவணையில் நின்ற
ஒரு நெட்டை மனிதனுக்காக
குளிர்காலம் முழுக்கச் சீவியிருக்கிறேன்.

கயிற்றை மெல்ல விட்டேன்.

உர்வெ உன்னை வெளியே எடுத்துப்போனாள்.
இழுத்தாள். பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.
அம்பு வைக்கோல் கட்டைத் தாண்டி
அவள் கோழிக்கூண்டின் பலகையில் போய்க் குத்தியது.
பிடுங்க
இரண்டு பேர் வேண்டியிருந்தது.