கிழக்கு ஜன்னல்கள்

வரைபடத்தில் கடல் ஒரு நீலக் கோடு.
அதற்கு இப்பால் சிவப்பில் இன்னொன்று:
இதைத் தாண்டி ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.
இரண்டுக்கும் நடுவே என் ஸ்கேலில் பதினோரு மில்லிமீட்டர்.
எண்ணூரில் அதே பதினோரு மில்லிமீட்டரில்
கவிழ்த்துப்போட்ட ஃபைபர் படகுகள் ஏழு,
ஓயாத ஒரு சீட்டாட்டம்,
சாம்பல் படிந்த அடும்புக்கொடி,
தை பிறந்தால் இரவில் ஏறிவரும் ஆமைகள்
மணலில் விட்டுப்போகும் டிராக்டர் தடம்.

பழைய ஆஸ்பத்திரிக்கு வயது நாற்பத்தாறு.
பிரசவ வார்டின் கூரையில்
உப்பு தின்ற விலா எலும்பாய்க் கம்பிகள்.
டயாலிசிஸ் மெஷின் மூன்று.
காத்திருப்போர் நோட்டில் அறுபத்திரண்டு பெயர்.
சிலவற்றின் மேல் நர்ஸ் ஹெலன்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்.
"வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்களா?"
"ஒரு வகையில" என்றார்.

ஆகவே ஆறு மாடி, நூற்றெண்பது படுக்கை.
வடக்கே கழிமுகம், அலையாத்தி, கூழைக்கடா.
தெற்கே தொழிற்சாலைச் சுவர்.
மேற்கே லாரிகள் தூங்கும் சாலை.
கட்டடத்துக்கு மிச்சமிருந்த திசை மேலே.

வனத்துறைக் கடிதம் நாலு பக்கம்.
மூன்றாம் பக்கத்தில் எனக்கான வரி:
கடலை நோக்கி வெளிச்சம் கூடாது.
முட்டை உடைத்து வருவது
எது வெளிச்சமோ அதையே கடலென்று நம்பும்.
கிழக்கு ஜன்னல்கள் எழுபத்திரண்டையும்
ஒரே மதியத்தில் அழித்தேன்.
"பலே" என்றார் சற்குணம் சார். டீ சொன்னார்.

கருத்துக்கேட்புக் கூட்டம்.
மைக் இரண்டு தடவை செத்துப் பிழைத்தது.
மனு வாசித்தவர்கள், கத்தியவர்கள்,
சாப்பாடு உண்டா என்று விசாரித்தவர்கள்
எல்லாரும் ஓய்ந்த பிறகு
முழங்கையில் நரம்பு புடைத்த ஒருவர் எழுந்தார்.
தேசப்பன், தாழங்குப்பம்.
வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம்.

"முப்பது வருசம் கடலாண்டயே கெடந்தவன் நான்.
என்னிய கட்டிப்போட்டு
செவுத்தையா பாக்கச் சொல்ற, மேடம்?"

பதில் ஃபைலில் இருந்தது. எடுத்துப் படித்தேன்.
மூன்றாம் பக்கம், ஒன்பதாம் வரி.

அவர் சிரித்தார்.
"குட்டியாண்டவருக்கு லைட் ஆவாதுன்னு
எனக்கு நீ சொல்றியா?
வலையில மாட்டினப்போ வலையவே அறுத்து வுட்டவன் நான்.
அதுக்கு வேணாங்கறது லைட்டு.
நான் கேக்கறது கடலு.
ரெண்டும் ஒண்ணா?"

பங்குனியில் ஒரு ராத்திரி, ஒரு மணிக்கு,
ஹெலனோடு கரையில் நின்றேன்.
ஆஸ்பத்திரி விளக்குகளை அணைத்திருந்தோம்.
அப்படியும் துறைமுக வெளிச்சத்தில்
என் கைக்கடிகாரத்தின் நொடிமுள் தெரிந்தது.
அந்த வெளிச்சத்துக்கு
யார் எத்தனை பக்கம் எழுதினார்கள்
என்று தெரியவில்லை.

திரும்பும்போது வாட்ச்மேன் கூப்பிட்டார்.
கேட்டருகே ஏடிஎம் போர்டின் கீழே
உள்ளங்கையில் பாதி அளவு,
மேற்குப் பக்கமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு
ஒன்று.
ஹெலன் உள்ளே ஓடி
எவர்சில்வர் கிட்னி டிரேயில் மணல் அள்ளிவந்தார்.
அலை தொடும் இடத்தில் சாய்த்தோம்.
அது நன்றி மாதிரி எதுவும் செய்யவில்லை. போய்விட்டது.
டிரேயைக் கழுவி
திரும்ப வார்டில் வைக்கலாமா கூடாதா என்று
வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

திருத்தம் ஐந்து:
மூன்றாம் மாடி, டயாலிசிஸ்.
பன்னிரண்டு ஜன்னல்கள் மறுபடி கிழக்கே,
படுத்தால் அலை தெரிகிற உயரத்தில்.
பகல் ஷிப்ட் மட்டும்.
மாலை ஆறுக்கு ஷட்டர் இறக்கப்படும்.

கோப்பு இன்னும் மேலே போகவில்லை.
நோட்டில் அறுபத்தேழு பெயர்.
தேசப்பனுடையது இருக்கிறதா என்று பார்க்க
ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கத்திலிருந்து திறக்கிறேன்.
வரைபடத்தில் "இறக்கப்படும்" என்ற சொல்லின் கீழே
சற்குணம் சார் பென்சிலில் கேட்டிருக்கிறார்:
தினமும்?
யார்?