கோவேறு கழுதைக்கு ஒரு மார்க்

லைன் சூப்பர்வைசர் பரீட்சையில்
இங்கிலீஷும் உண்டென்று
போர்டில் ஒட்டிய அன்றே
மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடையில்
நாற்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கினேன்
முப்பது பத்திகள்.
தொகுத்தவர் யாரோ,
பாதியில் மிருகங்கள்
மீதியில் வேலை
சிலவற்றில் மிருகங்களே வேலை பார்த்தன.

ஐந்தே காலுக்கு முதுநகரில்
கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளும்.
குடிகாடு வருவது
கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும்.
அதற்குள் ஒரு பத்தி.
பக்கத்தில் அஞ்சலாட்சி
கேட்டுக்கொண்டே தூங்குவாள்.

முதலில் வந்தது கரடி.
பேர் என்று வாசித்தேன்.
அகராதி அதோடு விடவில்லை:
சும. பொறுத்துக்கொள். பெற்றெடு.
"எல்லாத்துக்கும் ஒரே சொல்லா?"
கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.
"மூணும் செஞ்சாச்சு
கரடியத்தான் இன்னும் பாக்கல."

பன்னிரண்டு வருஷமாய் நான் நிற்பது
சீல் மெஷின்.
பனிக்கடலில் படுத்திருக்கும் மீசைக்காரப் பிராணிக்கும்
அதே பெயராம்.
அன்றிலிருந்து
அலுமினியத் தாளுக்கும் மாத்திரைக்கும் நடுவே
ஈரமாய் ஒன்று வழுக்கிப் போகிறது.
சூடு இறங்கும் நொடியில்
கையை இழுத்துக்கொள்கிறேன்,
என் விரலுக்காக மட்டும் இல்லை.

ஸ்வாலோ என்றொரு குருவி,
கண்டம் தாண்டிப் பறப்பது.
நான் மடித்து மடித்து உள்ளே செருகும் சீட்டில்
அதே எழுத்துகள்:
முழுதாய் விழுங்கவும்.
எங்கோ ஒரு காய்ச்சல்காரர்
பாதி ராத்திரியில்
சிறகோடு ஒரு குருவியைத்
தண்ணீர் ஊற்றி இறக்குகிறார்.

கொக்குக்கும் கிரேனுக்கும் ஒரே சொல் என்றதும்
அஞ்சலாட்சி எழுந்தே உட்கார்ந்தாள்.
ரெண்டும் நிற்பது உப்பனாற்றங்கரையில்தான்.
ஒன்று மீனுக்காக
ஒன்று கான்ட்ராக்டருக்காக.

வேலை பற்றிய பத்திகள் சுலபம்.
ஷிப்ட், ஓவர்டைம், ரிலீவர்,
இதெல்லாம் நாங்கள் பேசுகிற தமிழ்.
தெரியாத சொல் ஒன்றே ஒன்று.
ஓய்வாய்க் கிடைக்கும் நேரமென்று பொருள்.
லெஷரா லீஷரா,
எப்படிச் சொல்வதென்று
பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கேன்டீனில் பரீட்சை.
சாம்பார் வாடை அடிக்கும் மேசையில்
முப்பதிலும் இல்லாத ஒரு பத்தி.
மலை, மரப்பாலம்,
உப்பு மூட்டையோடு ஒரு கோவேறு கழுதை.
பாலத்தில் ஒரு கால் வைத்தது.
எடுத்தது.
முதலாளி அடித்தான்.
நகரவில்லை.
இன்னும் அடித்தான்.
பத்தி முடிந்தது.

மிருகத்தின் குணத்துக்குப் பொருந்தும் சொல் எது?
சோம்பேறி, ஸ்டபர்ன், கேர்ஃபுல், சந்தோஷம்.

ஸ்டபர்ன் எனக்குத் தெரியும்.
பதினேழாம் பத்தி, பிடிவாதம்,
மூன்று பக்கம் எழுதிப் பார்த்திருக்கிறேன்.
அதற்கும் முன்னால்
ஒயர் கருகும் நாற்றத்தில்
பெல்ட்டை நிறுத்தி
ஓட்டமாட்டேன் என்று நான் நின்ற நாளில்
மேனேஜர் தனவேல் சார்
என்னைப் பார்த்துச் சொன்னதும் அதுதான்.
அர்த்தம் தெரியாமல்
யெஸ் சார் என்றிருக்கிறேன்.

திரும்ப வாசித்தேன்.
கழுதையின் காது வருகிறது, கால் வருகிறது,
சாட்டை மூன்று முறை வருகிறது.
பாலம் எப்படி இருந்ததென்று
ஒரு வரியும் இல்லை.

கேர்ஃபுல்லைச் சுற்றி வட்டம் போட்டேன்.
பேனா தாளைக் கிழித்துவிட்டது.

விடைத்தாளை மறுநாள் ஒட்டினார்கள்.
ஸ்டபர்ன்தான்.
ஒரு மார்க் போயிற்று.
பாஸா ஃபெயிலா, அடுத்த வாரம் தெரியும்.

பஸ்ஸில் சொன்னேன்.
அஞ்சலாட்சி தூங்கவில்லை.
"அப்புறம் அந்தக் கழுதை
போச்சா, திரும்பிடிச்சா?"
தெரியாது என்றேன்.
"யாருகிட்ட கேக்கறது?"

குடிகாடு வாடை வந்துவிட்டது.
ஜன்னலை இழுத்து மூடினோம்.