நூற்று எழுபத்தெட்டாவது நாள்

கோரிப்பாளையத்தில் மாடிப்படிக்கு அடியில்
ஜெய்னுலாபுதீன் பாயின் கடை.
"ரெண்டுக்கு ரெண்டு இன்ச். காது தெரியணும்.
பின்னால வெள்ளை மட்டும் ஆகாது" என்றவர்
என் துப்பட்டாவை வாங்கி
ஷட்டர் கொக்கியில் மாட்டினார்.
அந்த வெளிர்நீலத்துக்கு முன்னால்
காதுகளைத் தூக்கிக்கொண்டு நின்றான் திவித்.

படிவத்தின்படி அவன் கடல் கடந்தவன்.
அன்று கடந்து வந்தது என்னவோ ஏ.வி. பாலம்,
பழங்காநத்தத்திலிருந்து, பஸ்ஸில், நின்றுகொண்டே.

பிறந்த ஊர் எடிசன் என்றேன்.
"பல்பு கண்டுபிடிச்சவரா?"
ஊருதான் பாய். நியூஜெர்சியில்.
தட்டினார். அவன் பாஸ்போர்ட் எண், என் பாஸ்போர்ட் எண்,
திருமணப் பதிவு எண்.
அந்தக் கட்டம் வந்தபோது
விரல்களை எடுத்துக்கொண்டார்.

தந்தையின் கையொப்பம்.

"ரெண்டு பேரும் போடணும்மா.
ஒருத்தர் போட்டாலும் கம்ப்யூட்டர் ஏத்துக்கும்.
ஆபீசர் ஏத்துக்க மாட்டாரு."
என்னிடம் இருந்தவை
ஒரு வழக்கு எண்,
பதினொரு மெயில்,
பதில் என்று ஒரே ஒரு வரி: யோசித்துச் சொல்கிறேன்.
பாய் மேற்கொண்டு கேட்கவில்லை.
மூன்று டீ சொன்னார்,
ஒன்றில் சர்க்கரை தூக்கலாக.

சுற்றுலா விசாவில் வளர்கிறது என் பிள்ளை.
நூற்று எண்பது நாளுக்கு ஒருமுறை
பெருங்குடியில் ஏறி கொழும்பில் இறங்குவோம்.
ஐம்பது நிமிஷம். சீட் பெல்ட்டைக் கழற்றி
மறுபடி மாட்டுவதற்குள் வந்துவிடும்.
வெள்ளவத்தையில் ஒரு லாட்ஜ், இரண்டு முட்டை ஆப்பம்,
மறுநாள் திரும்பிவிடுவோம், புதிதாய் எண்ண.

தெருவில் அவனுக்கு டிவி என்று பெயர்.
டிவி லெக் ஸ்பின் போடுவான்,
அவுட்டே இல்லை என்று சாதிப்பான்,
"என்னாண்ணே இப்பிடிப் பண்றீங்க" என்று
பரோட்டாக் கடையில் சால்னாவுக்குச் சண்டை பிடிப்பான்.
பள்ளியில் எல்லாப் பெயரும் நீல மையில் இருக்க
அவன் பெயரை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறார்
ஸ்டெல்லா டீச்சர்.
"அட்டை வந்ததும் மை போட்டுடலாம் மேடம்,
ரப்பர் படாம நான் பாத்துக்குறேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது.
பிள்ளையின் கையெழுத்தும் வேண்டும் என்று
பாய் வெள்ளைத் தாளை நீட்டினார்.
தன் கட்டத்தில் கூட்டெழுத்தாய்ப் போட்டான்.
பேனாவை எடுக்காமல் கீழே இறங்கி
அடுத்த கட்டத்தில்
எஸ் எழுத்தை வயிறு பெருக்கி,
ஒரு கோட்டை வாலாய் இழுத்து,
வால் நுனியில் இரண்டு புள்ளி வைத்தான்.

எட்டு வருஷம்
வீட்டு வாடகைச் செக்கில் நான் பார்த்த கையெழுத்து.
அதே சாய்வு. அந்த இரண்டாவது புள்ளியில்
கொஞ்சம் அவசரம், அதுவும் அதே.

பாய் என்னைப் பார்க்கவில்லை.
ஸ்கேனர் மூடியைத் துடைத்தார்,
துடைத்த இடத்தையே திரும்பவும்.
"எங்கடா கத்துக்கிட்ட?"
"கணக்கு நோட்டு கடைசிப் பக்கத்துல.
சும்மாதான். இதுக்காக இல்ல."

தாளை நாலாய் மடித்தேன்.
கிழிக்க வரவில்லை.
எதற்கென்று தெரியாமல்
பர்ஸில் வைத்துக்கொண்டேன்.
பாய் ஃபோட்டோவுக்கு மட்டும் காசு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை கொழும்பு போய்
சனிக்கிழமை வந்துவிட்டோம்.
பெருங்குடியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர்
பாஸ்போர்ட்டைப் புரட்டினார்,
எல்லாப் பக்கத்திலும் அதே இரண்டு முத்திரை.
"டூரிஸ்டா தம்பி? என்னல்லாம் பாத்த?
மீனாட்சியம்மன் கோயில், மகாலு?"

திவித் யோசித்தான்.
பொய் சொல்லத் தெரியாத முகம் அவனுக்கு,
கை மட்டும்தான் அப்படி.
"இன்னும் போகலங்க சார்.
லீவே விட மாட்டேங்குறாங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
தேதிக் கட்டையைத் திருகினார்.
இறங்கியது முத்திரை.

ஒன்று.