நடை நேரம்

மிசிஸ் அந்திராதோ ஒரு வெள்ளைத் தாளைத் தந்தா.
"கோட்டையில தொடங்கிக் கல்லடிப் பாலம் மட்டும்
எதில இருந்து எதுக்கு எத்தின நிமிசம் எண்டு
நடந்து பார்த்து எழுதிக்கொண்டு வா, ஜெயசோதி.
தங்க வாறவங்க கேக்கிறாங்க."

இருபத்திரண்டு வருடம் அந்த விடுதியில் அறை கூட்டினேன்.
நடப்பதற்குச் சம்பளம் கிடைத்தது இன்றைக்குத்தான்.
படலையைச் சாத்தும்போது போனில் ஆறு இருபது.

கோட்டைக்கு ஏழு நிமிடம்.
பீரங்கியின் வாய்க்குள் யாரோ
ஐஸ்கிறீம் கோப்பையைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.
வாசலுக்கு மேலே ஒல்லாந்து எழுத்து மூன்று
ஒன்றின் மடியில் ஒன்று ஏறிக்கிடந்தது.
எத்தனை தரம் இந்த வாசலால் போயிருப்பேன்,
ஒரு தரமும் அண்ணாந்து பார்க்கவில்லை.
கையில் எப்போதும் ஒரு பைல்,
பைலுக்குள் தம்பியின் படம் இரண்டு, பாஸ்போட் அளவு.
"அடுத்த கிழமை வாங்க" என்று சொன்ன யன்னல்
இப்போது பூட்டிக் கிடக்கிறது.
அதன் கம்பியில் ஓர் ஓணான்
எனக்குத் தலையாட்டியது,
அந்தக் கிளாக்கரைப் போலவே.

"கோட்டை. சுற்றிப் பார்க்க இருபது நிமிடம்."
எழுதினேன்.

காந்திப் பூங்காவில்
சப்பாத்துப் போட்டவர்கள் கை வீசிப் போனார்கள்.
சீனி வருத்தம் எல்லாரையும் விடியவே எழுப்பிவிடுகிறது.
வாவிக் கரையில் கதவில்லாத அந்த வாசல்.
அதற்குள் நின்று ஏறாவூர்ப் புதுமாப்பிள்ளை
"ராத்தா, ஒரு போட்டோ எடுத்துத் தாறீங்களா?" என்றான்.
எடுத்தேன். பெண் கண்ணை மூடிவிட்டாள்.
மறுகா எடுத்தேன். இவன் மூடிவிட்டான்.
நாலாவது படத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள்,
பின்னால் ஒரு கொக்கு
கழுவாத காலோடு நின்றது.
ஆறு நிமிடம் போயிற்று.
இதை எந்தக் கணக்கில் போடுவது?

பெரிய பாலத்தில் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது.
மணிக்கூட்டுக் கோபுரத்தில் நின்று
போனைப் பார்த்தேன், கோபுரத்தைப் பார்த்தேன்.
இரண்டும் ஒத்துப்போகவில்லை.
நான் போனை நம்பினேன்.

அரசடியில் வெயில் ஏறிவிட்டது.
ஒரு பிளேன்ரீ, ஒரு பருப்பு வடை.
செருப்பு வார் அறுந்தது. ஊசி குத்திக்கொண்டேன்.

கல்லடிப் பாலம்.
புதுப் பாலத்தில் பஸ் ஓடுகிறது.
பழைய பாலத்தில் நடக்கிறவர்களும் தூண்டில்காரரும் நானும்.
ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு
படம் எடுக்காமல் நடந்தால் ஐந்து நிமிடம்.

ஒரு காலம் இதே தூரம் ஒன்றரை மணித்தியாலம்.
சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டி,
பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து,
கதைக்காமல் நின்று.
சில நாள் வந்த வழியே கிறுகிப் போக வேண்டும்.
ஒரு வியாழக்கிழமை தம்பி இந்தத் தலையில் ஏறினான்.
அந்தத் தலையில் இறங்கினானா என்பதைச் சொல்ல
ஓர் ஆளும் இல்லை.

கீழே தோணியில் ஒருவர் வலை உதறினார்.
"அண்ணே, மீன் பாடுமாமே, எத்தின மணிக்கு?
எழுத வேணும்."
"ராவில, நிலவில, துடுப்பில காது வச்சாக் கேக்குமாம்.
மீனில்ல, மட்டியெண்டும் சொல்றாங்க.
எனக்கெண்டா புள்ள,
வலை பாரமா வந்தா அதுதான் பாட்டு."
வலையைத் தூக்கிக் காட்டினார்.
இரண்டு செத்தல், ஒரு யோகட் சட்டி.

துடுப்பைக் கேட்க வெட்கமாக இருந்தது.
கம்பியில் காதை வைத்துப் பார்த்தேன்.
பக்கத்துப் பாலத்துக் கல்முனை பஸ்தான் கேட்டது,
காதுக்குள்ளால் கடந்து
நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் மிசிஸ் அந்திராதோ
கண்ணாடியைப் போட்டு வாசித்தா.
"எல்லாம் சரி. பாலத்துக்கு நேரம் போடேல்லையே?"
"அது ஆளைப் பொறுத்தது, மெடம்" என்றேன்.
அவ யோசித்துவிட்டு
"பத்து" என்று தன் கையால் எழுதினா.

எட்டுப் பிரதி, பிளாஸ்ரிக் உறை போட்டு
எட்டுக் கட்டில் பக்கத்திலும் நானே வைத்தேன்.
செருப்புத் தைத்த காசை
கேட்க மறந்துபோனேன்.