ஐந்தடி ஓர் அங்குலம்

வைப்பர் ஒருமுறை போய்த் திரும்புகிறது.
மழை போகிறது. கோடு போகவில்லை.
விரற்கடை அகலத்தில்
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
வளைந்து கிடக்கிறது கண்ணாடியில்,
சரியாக என் கண்ணுக்கு நேரே.
எதிரே வரும் ஒவ்வொரு லொறியின் விளக்கும்
அதில் ஏறி, நூலாய் இழுபட்டு,
பாதையின் வெள்ளைக் கோட்டைத் தின்றுவிட்டு
இறங்கிப் போகிறது.

சரேயிலிருந்து பேர்னபிக்கு, விடிய நாலு மணி.
ஆஸ்பத்திரி லோன்றியில் வேலை.
போர்ட் மான் பாலத்தில்
கழுத்தை எக்கிக் கோட்டுக்கு மேலால் பார்ப்பேன்,
குனிந்து கீழால் பார்ப்பேன்,
மதிலுக்கு இந்தப்பக்கம் நின்று
அயல்வீட்டுச் சண்டை பார்ப்பவளைப் போல.

தவநேசன் ஆறடி இரண்டு.
இரவு பதினொன்றுக்குக் கிடங்கிலிருந்து
அதே காரில் வந்திறங்குவான்.
"எங்க கோடு? எனக்கு ஒண்டும் தெரியேல்லையே."
பிறகொரு நாள்,
"கண்ணை ஒருக்கா செக் பண்ணிப் பாரன்."
பண்ணினேன். கண் நல்ல கண்.
நவம்பர் முழுக்க இதே பேச்சு,
மழையைப் போல நிற்காமல்,
ஒன்றையும் கழுவாமல்.

ஒரு ஞாயிறு காலை
ஸ்பிரிட் நனைத்த துணியால் ரப்பரைத் துடைத்தேன்.
முதல் துணி கறுத்தது.
இரண்டாவது கறுத்தது. மூன்றாவதும்.
கண்ணாடியை வினாகிரி விட்டுத் தேய்த்தேன்.
கார் கழுவுமிடத்து மெழுகு,
பக்கத்து மரத்துப் பிசின்,
கோடையில் மோதிச் செத்த பூச்சிகளின் மிச்சம்
எல்லாம் போயின.
பின்னேரம் தூறியது.
கோடு இருந்தது,
இன்னும் துலக்கமாக.

அப்போதுதான் விளிம்பில் விரலை ஓட்டினேன்,
அரிசியில் கல் தேடுகிற விரல்.
நடுவில் ஓரிடத்தில் நகம் தடுக்கியது.
எள்ளளவு கிழிசல்.
அதற்குள் ஊசியிலை ஒன்றின் துணுக்கு,
பல்லில் சிக்கிய கறிவேப்பிலைக் காம்பு மாதிரி.

அவனைக் கூப்பிட்டேன். சாறத்தோடு வந்தான்.
"என்ர இடத்தில இரு. சீற்றைப் பின்னால தள்ளாதை."
முழங்கால் ஸ்டியரிங்கில் முட்ட
முதுகை மடித்து, தோளை ஒடுக்கி,
என் தலை இருக்கும் உயரத்துக்குத்
தன் தலையை இறக்கிக்கொண்டான்.
பக்கத்துச் சீற்றிலிருந்து நான் கையை நீட்டி
வைப்பரைப் போட்டேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாம் வீச்சில், எதிர்வீட்டு ஹர்ஜிந்தரின் வான்
விளக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது.
தவநேசன் கையால் கண்ணை மறைத்தான்.
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
"இதோடயா பாலம் ஏறினனீ?"
"ரெண்டு விண்டர்," என்றேன்.
கணக்கு மட்டும்தான் சொன்னேன்.

இருபத்தாறு அங்குலம் ஒன்று, பதினெட்டு ஒன்று.
கடை பூட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வாங்கினோம்.
வாசலில் நான் கழற்ற, அவன் குடை பிடித்தான்.
இரும்புக் கை துள்ளி அடித்தால்
கண்ணாடி வெடித்துவிடும் என்று
குளியல் துவாயை மடித்துக் கீழே விரித்தேன்.
கொக்கியின் காதை அழுத்தி, பழையதை உருவி,
புதியதைக் கொடுத்தபோது
டக் என்று பூட்டிக்கொண்டது.
எழும்பிப் பார்த்தால்
குடை முழுவதும் என் பக்கம்.
அவன் சாறம் தொடைவரை நனைந்திருந்தது.
அதைப் பற்றி அவனும் பேசவில்லை,
நானும் பேசவில்லை.

திங்கள், விடிய நாலு. நல்ல மழை.
வைப்பர் போய்த் திரும்பியது.
பாலத்தின் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.
முன்னால் போன லொறியின் சேற்றுத்தட்டில்
யாரோ வரைந்த மீசைக்காரப் பூனை தெரிந்தது.
அழகாக ஒன்றுமில்லை.
எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

படுக்கப் போகுமுன்
சீற்றை எனக்காக முன்னே இழுத்து வைத்திருந்தான்.
உள்கண்ணாடியை மறந்துவிட்டான்.
பின்னால் வருகிறவர்கள் இருக்கவேண்டிய இடத்தில்
காரின் கூரைத்துணி மட்டும் தெரிந்தது.
முதல் சிவப்பு விளக்கில்
திருப்பிக்கொண்டேன்.