பதுக்கை

சனிக்கிழமை.
அல் ஐன் தாண்டி மெஸ்யாத் சாலையில்
ஹஃபீத் மலை வலப்பக்கம் கூடவே வந்தது,
டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆள்போல
எங்களைப் பார்க்காமல்.

பூங்கா என்றுதான் பலகை.
பூ ஒன்றும் இல்லை.
கருவேலுக்கு அண்ணன் மாதிரி ஒரு மரம்,
அடியில் ஒட்டகப் புழுக்கை.
கைப்பட்டை கட்டிவிட்ட நேபாளிப் பெண்
தண்ணீர் இருக்கிறதா என்று இருமுறை கேட்டாள்.

காசிமாயனின் பூட்ஸ் தள்ளுபடியில் வாங்கியது,
அரை அளவு பெரிது.
பாதைக்கு அடையாளம் கல்லில் தடவிய மஞ்சள்.
ஒரு மஞ்சளைத் தவறவிட்டோம்,
தவறியது தெரிய இருபது நிமிடம் ஆயிற்று.
இருபது நிமிடமும் சண்டை:
அவன் தங்கை வளைகாப்புக்கு
எவ்வளவு அனுப்புவது.

சண்டை முடியுமுன் கல்லறைகள் வந்துவிட்டன.
தேன்கூடுகள் என்கிறார்கள்.
எனக்குக் கவிழ்த்து வைத்த சட்டிகள்.
ஐயாயிரம் வருடம்.
சிலவற்றைத் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள்,
சிலதைச் சரிந்தபடியே விட்டுவிட்டார்கள்.

வாசல் இடுப்புக்கும் கீழே.
குனிந்தேன்.
ஆள் இல்லை.
ஒரு சிப்ஸ் பாக்கெட்,
விடியற்காலையிலிருந்து மிச்சமான குளிர்.

உள்ளே கிடைத்த பானைகளில் சில
இந்த ஊர்ப் பானைகள் இல்லையாம்,
மெசொப்பொத்தேமியாவிலிருந்து வந்தவையாம்.
காசிமாயன் சத்தமாக வாசித்துக் காட்டினான்,
பேருந்தில் பெயர்ப்பலகை படிக்கும் குழந்தைபோல.

நான் விமானச் சரக்குப் பிரிவில் இருக்கிறேன்.
எங்கிருந்து, எங்கே, எத்தனை கிலோ,
கையெழுத்து யார்.
புதன்கிழமை ஒரு பெட்டி. கமுதிக்காரர்.
நூற்றுப் பதினெட்டு கிலோ, பெட்டியோடு சேர்த்து.
பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்,
தூதரகத் தாளில் அதே பெயர், ஓர் எழுத்து கூட.
ஒரு 'எச்'சுக்காக மூன்று மணி நேரம்
கிடங்கில் காத்திருந்தார்
அவசரமே இல்லாதவர்.
வீட்டில் இதைச் சொல்லவில்லை.

பதினொன்றாம் வகுப்புத் தமிழ்.
பாலை. பொருள் தேடிப் போகிறவன்.
வழியில் அம்பு பட்டு விழுந்தால்
விழுந்த இடத்திலேயே கல் குவித்து மூடுவார்கள்.
பதுக்கை என்றால் என்ன?
இரண்டு மதிப்பெண்.
'பதுக்கி வைத்தல்' என்று எழுதினேன்,
ரேஷன் கடை அரிசியை நினைத்து.
அருள்ஜோதி டீச்சர் சிவப்பில் சுழித்தார்.
இன்றைக்கு எழுதினாலும்
அதையேதான் எழுதுவேன் போலிருக்கிறது.

மேலே ஒரு பிணந்தின்னிக் கழுகு
வேலை எதுவும் இல்லாமல் சுற்றியது.
"இருபதாயிரம் அனுப்பு" என்றேன்.
அவன் திரும்பிப் பார்த்தான்.
விலைபேச இன்னும் இரண்டு வாக்கியம்
தயாராக வைத்திருந்தான் பாவம்.

பிறகு ஒற்றைக் காலில் நின்று
பூட்ஸைக் கழற்றி உதறினான்.
காலை முழுக்க உறுத்திக்கொண்டிருந்த சிறு கல்
சரிந்த கற்களுக்கு நடுவே விழுந்தது.

எது என்று காட்டச் சொன்னேன்.
தேடினான்.
தெரியவில்லை.